நல்ல ஸ்பீக்கரில் கெட்டுப்போகும் பாட்டு

நவி மும்பையின் வாஷியில் ஒரு கார் ஆடியோ கடைக்குள் நுழைந்து, விலையுயர்ந்த செட் ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கடைக்காரர் பெரும்பாலும் உங்கள் போனை வாங்க மாட்டார். தன் பென் டிரைவைத்தான் செருகுவார். அவர் பல காலமாகப் பொறுக்கிச் சேர்த்த பாட்டுகள் அதில் இருக்கும்: ஒற்றைக் கிதாரோடு ஒரு பெண் குரல், நிதானமாக விழும் டிரம் அடி, கைதட்டலோடு தொடங்கும் மேடை நிகழ்ச்சி. கதவை மூடியதும் டாஷ்போர்டின் மேல் ஒரு மேடையே எழும்பி நிற்கும். பாடகி நடுவில், கிதார் இடப்பக்கம், டிரம் சற்றுப் பின்னால். பணத்தைக் கட்டிப் பொருத்திக்கொண்டு பாம் பீச் சாலையில் ஏறி, நமக்குப் பிடித்த டி.எம்.எஸ். பாட்டையோ வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய கச்சேரியையோ போட்டால், அந்த மேடையைக் காணோம். குரல் கரகரக்கிறது. மிருதங்கம் நீரில் நனைந்த மாதிரி இருக்கிறது. பழைய ஸ்பீக்கரிலேயே நன்றாக இருந்ததே என்று தோன்றுகிறது.

கடைக்காரர் மேல் குற்றமில்லை, ஸ்பீக்கரும் பழுதல்ல. ஒலிக்கருவி உயர உயர, அது பாட்டைவிடப் பாட்டின் பதிவைத்தான் அதிகமாகக் காட்டத் தொடங்கும். சாதாரண ஸ்பீக்கர் மேல்சுருதியில் மங்கலாகவும் கீழ்சுருதியில் குறையாகவும் இருப்பதால், பதிவில் உள்ள இரைச்சலையும் வெட்டுக்காயங்களையும் தன்னையறியாமல் மறைத்துவிடுகிறது. மேல்சுருதிக்கென்று இருக்கும் நல்ல ட்வீட்டர் எதையும் மறைக்காது. ஆகவே காருக்குள் எவ்வளவு நல்ல ஒலி கிடைக்கும் என்பதற்கு மேல்வரம்பு அந்தக் கடையில் வகுக்கப்படுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் கோடம்பாக்கத்திலோ மாட்டுங்காவிலோ மைக் வைத்த அன்றே அது வகுக்கப்பட்டுவிட்டது. ஒலிப்பதிவின் தரம் வீட்டைவிடக் காரில் கூடுதலாகத் தெரிவதற்குத் தெளிவான இயற்பியல் காரணங்களும் உண்டு. அவற்றைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் முழக்கம். வீட்டு அறையில் கைதட்டினால் ஒலி சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பி, அரை நொடி அளவுக்குக் கரைந்து மறையும். மண்டபத்தில் இரண்டு நொடிகூட நீடிக்கும். காரில் மெத்தையிட்ட இருக்கைகள், தரைவிரிப்பு, கூரைத் துணி எல்லாம் ஒலியை உறிஞ்சிவிடுவதால் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் அடங்கிவிடும். அதாவது காருக்கென்று சொந்தமாக 'அறை ஒலி' ஏறக்குறைய இல்லை. பாட்டில் ஒரு பெரிய கூடத்தின் பரப்பு கேட்கிறதென்றால், அது முழுக்க முழுக்கப் பதிவுக்குள்ளிருந்து வருவதுதான். பதிவில் அந்தப் பரப்பு இல்லையென்றால் கார் அதைக் கடன் கொடுக்காது. வீட்டில் ஓரளவு நிறைவாகக் கேட்ட பாட்டு காரில் வறண்டு, பாடகர் முகத்துக்கு நேரே வந்து நின்று பாடுவதுபோல் ஆவது இதனால்தான்.

இதை உணர மும்பைத் தமிழருக்கு நல்ல உதாரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாட்டுங்காவை ஒட்டிய ஷண்முகானந்தா அரங்கம் 1963-இல் திறந்து, 1990-இல் தீயில் சிதைந்து, 1998-இல் மீண்டும் எழுந்தது. 2,700 பேருக்கு மேல் அமரக்கூடிய கூடம். அங்கே நேரில் கேட்ட கச்சேரியின் பதிவு பிறகு கையில் கிடைத்து, காரில் கேட்டால், அதே கச்சேரிதானா என்று சந்தேகம் வரும். ஏனென்றால் பெரும்பாலான கச்சேரிப் பதிவுகள் மேடையின் மிக்ஸரிலிருந்து நேராக எடுக்கப்படுபவை. பாடகரின் வாயருகே ஒரு மைக், மிருதங்கத்துக்கு இரண்டு, வயலினில் ஒட்டிய ஒரு பிக்கப். கூடத்தின் முழக்கம் அந்த மைக்குகளுக்குள் மிகக் குறைவாகவே நுழைகிறது. வயலின் பிக்கப் மரத்தின் அதிர்வை மட்டும் பிடிப்பதால் வில் உராய்வது சிராய்ப்பாகக் கேட்கிறது. பெட்டியிலிருந்து காற்றில் பரவும் ஒலி அதில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மிக்ஸரில் எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது கூடத்தின் தேவை. சிறிய சபாவில் மிருதங்கம் மைக் இல்லாமலே பின்வரிசை வரை கேட்கும். அதனால் ஒலி அமைப்பாளர் அதைக் குறைத்து வைப்பார், பதிவிலும் அது அமுங்கிப்போகும். ஷண்முகானந்தா போன்ற பெருங்கூடத்தில் எல்லாவற்றையும் ஒலிபெருக்க வேண்டியிருப்பதால் மிக்ஸரின் சமநிலை ஓரளவு சரியாக அமையும். செம்பூரில் ஒரு சின்ன அரங்கில் நடந்த அருமையான கச்சேரி காரில் தட்டையாகக் கேட்டால், வித்வானைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடத்தின் நடுவே தனியாக இரண்டு மைக் வைத்து அதையும் கலந்திருந்தால் அந்தக் கச்சேரி தப்பித்திருக்கும். செலவு அதிகமில்லாத ஏற்பாடு இது. எல்லா சபாக்களும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் தீராத ஆசை.

அடுத்து, நாம் உட்காரும் இடம். இந்தியக் காரில் ஓட்டுநர் வலப்பக்கம். வலது கதவு ஸ்பீக்கர் அவர் காதுக்குச் சுமார் ஒரு மீட்டர், இடது கதவு ஸ்பீக்கர் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. அரை மீட்டர் வித்தியாசத்தைக் கடக்க ஒன்றரை மில்லிநொடி. மிகச் சிறிய நேரமாகத் தோன்றும். மூளைக்கு அது போதும். ஒரே ஒலி இரு திசைகளிலிருந்து மில்லிநொடிக் கணக்கில் முன்பின்னாக வந்தால், முதலில் வந்த திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாகக் காது முடிவுகட்டிவிடும். ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்மூட் ஹாஸ் 1949-இல் தன் முனைவர் ஆய்வில் இதை விரிவாக அளந்தார். அதனால்தான் குரல் வலது கதவுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. இதற்குக் கூடுதலாக, அரை மீட்டர் தூர வித்தியாசத்தில் 343 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று தின்கின்றன. அது ஆண் குரலின் நெஞ்சுப்பகுதி. பாடகர் மெலிந்துபோகிறார்.

உயர்தரக் கார் ஆடியோவில் டிஎஸ்பி என்று ஒரு பெட்டி வைப்பது முதன்மையாக இதற்காகத்தான். அருகிலுள்ள ஸ்பீக்கரை ஒன்றரை மில்லிநொடி தாமதிக்க வைத்தால் இரண்டும் ஓட்டுநர் காதில் ஒன்றாகச் சேரும், குரல் நடுவுக்கு வரும். (பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு அது இன்னும் மோசமாகும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சரிசெய்யும் வித்தை இரண்டு ஸ்பீக்கரால் ஆகாது.) இந்த ட்யூனிங் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க மிகச் சிறந்த பாட்டு எது தெரியுமா? பளபளக்கும் புதிய பதிவு எதுவும் தேவையில்லை. 1960-களில் வந்த மோனோ பாட்டு ஒன்று போதும்.

மோனோ என்றால் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே சங்கதி. ஆகவே எல்லாமும் கச்சிதமாக நடுவில், ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். டி.எம்.எஸ்.ஸும் பி. சுசீலாவும் பாடிய அந்தக் காலத்து டூயட் ஒன்றைப் போட்டு, குரல் ஸ்டீயரிங்குக்கு மேலா, டாஷ்போர்டின் நடுவிலா, கண்ணாடியின் ஓரத்திலா என்று கவனியுங்கள். தாழ்ந்த ஸ்வரத்தில் ஓரிடத்திலும் உச்சத்தில் வேறிடத்திலும் குரல் அலைந்தால் ட்யூனிங் இன்னும் முடியவில்லை.

அந்தப் பாட்டுகளில் அகலம் கிடையாது; ஆழம் உண்டு. விஸ்வநாதன் - ராமமூர்த்தி காலத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகரும் வாத்தியக் கோஷ்டியும் ஒன்றாக நின்று, விரல்விட்டு எண்ணக்கூடிய மைக்குகளோடு, ஒரே ஓட்டத்தில் பாட்டை முடிப்பார்கள். எதைப் பிறகு ஏற்றுவது, எதைக் குறைப்பது என்ற பேச்சுக்கு இடமில்லை. வயலின்கள் தள்ளி உட்கார வேண்டும், புல்லாங்குழல் தன் முறை வரும்போது மைக்குக்கு நெருங்கி வந்து வாசித்துவிட்டு விலக வேண்டும். அந்தத் தூரங்கள் எல்லாம் பதிவுக்குள் அப்படியே இருக்கின்றன. நன்றாக ட்யூன் செய்த காரில் குரலுக்குப் பின்னால் வயலின்கள் ஒரு கை தூரம் தள்ளிக் கேட்பது, அன்று அவர்கள் உண்மையிலேயே தள்ளி உட்கார்ந்திருந்ததால்தான்.

ஆனால் மேல்சுருதி? திரைக்கான ஒலி ஃபிலிமின் ஓரத்தில் ஒளிப்பட்டையாகப் பதிந்த காலத்தில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஜால்ராவின் மினுமினுப்பும் குரலின் மூச்சும் அந்த எல்லைக்கு மேல்தான் இருக்கின்றன. அவை பதிவில் இல்லாதபோது ட்ரெபிளைத் திருகித் திருகி ஏற்றினால் வெளியே வருவது இசை அல்ல, நாடாவின் இரைச்சலும் இசைத்தட்டின் கீறலும். மேலும் நமக்குக் கிடைப்பது மூலப்பிரதியின் நகலின் நகல். ஒத்த தரமுள்ள நாடாவிலிருந்து நாடாவுக்கு ஒருமுறை நகலெடுத்தாலே இரைச்சலின் ஆற்றல் இரண்டு மடங்காகும், அதாவது 3 டெசிபல் கூடும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த தாளில் எழுத்து பெருத்துக் கலங்குவதுபோல், மூன்று நான்கு தலைமுறை கடந்த பாட்டில் மெல்லிய ஒலிகள் எல்லாம் இரைச்சலில் கரைந்துவிடுகின்றன. எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் 1963-இல் இசைத்தட்டாக வந்தது. இன்று காலையில் வாஷியிலிருந்து கிளம்பும் எத்தனையோ கார்களில் அதுதான் முதல் ஒலி. ஒரு காரில் அது தெளிந்த நீர்போலவும் பக்கத்துக் காரில் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலவும் கேட்டால், காரின் வித்தியாசத்தைவிட எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்பதன் வித்தியாசமே பெரிதாக இருக்கும்.

கீழ்சுருதியில் நடப்பது இன்னும் சுவாரசியமானது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். காரின் உள்நீளமோ இரண்டரை மீட்டர். அவ்வளவு பெரிய அலை காருக்குள் பயணம் செய்ய இடமில்லை. முழுக் காற்றும் ஒரே நேரத்தில் அமுங்கி விரிகிறது. இதனால் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே, இறங்க இறங்க ஒலியழுத்தம் தானாகவே கூடும். கோட்பாட்டளவில் ஒவ்வொரு ஸ்தாயி இறக்கத்துக்கும் 12 டெசிபல் வரை. கண்ணாடியும் கதவுத் தகடும் கொஞ்சம் கசியவிடுவதால் நடைமுறையில் அதைவிடக் குறையும். சின்ன சப்வூஃபர் காருக்குள் அத்தனை பெரிய பாஸ் தருவதன் காரணம் இது.

ஆனால் நாம் போடும் பாட்டில் அந்தக் கீழ்சுருதியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பழைய பாட்டுகளில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இசை மிகக் குறைவு. இசைத்தட்டில் பாஸை அளவுக்கு மீறிச் செதுக்கினால் ஊசி தடம் மாறிக் குதிக்கும் என்பதால் அதை வெட்டிவிடுவார்கள். அங்கே இசைக்குப் பதில் வேறொன்று உட்கார்ந்திருக்கலாம்: நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம். ஒலிப்பதிவுக் கூடத்தின் வயர்களிலிருந்து நாடாவில் ஏறியது. சாதாரண ஸ்பீக்கர் அந்தச் சுருதிக்கு இறங்காததால் ஐம்பது வருடம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. காரின் இயற்கையான பாஸ் ஏற்றமும், சப்வூஃபரும், அதன் மேல் ஒரு 'பாஸ் பூஸ்ட்'டும் சேரும்போது பாட்டு முழுக்க உறுமலாக எழுகிறது. பழைய பாட்டுக்கு சப்வூஃபரைக் குறைத்து வைப்பதே மரியாதை.

1978-இல் வெளிவந்த 'ப்ரியா' தமிழின் முதல் ஸ்டீரியோ திரைப்பாடல் பதிவாகப் பேசப்படுகிறது. ஸ்டீரியோவின் அடிப்படையை ஆலன் ப்ளூம்லைன் லண்டனில் காப்புரிமைக்கு எழுதிக்கொடுத்தது 1931-இல். நம் கோடம்பாக்கம் வந்துசேர அரை நூற்றாண்டு ஆனது. புதிய வசதி கையில் கிடைத்த உற்சாகத்தில் எண்பதுகளின் பல பாட்டுகளில் ஒரு வாத்தியத்தை முழுக்க இடதிலும் இன்னொன்றை முழுக்க வலதிலும் போட்டார்கள். வீட்டில், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்து கேட்டால் அழகு. காரில், இடது பக்கம் ஒதுக்கப்பட்ட வயலின்கள் பக்கத்து இருக்கைக்காரரின் முழங்காலுக்கு அருகே ஒலிக்கும். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிதார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும் அல்லவா, அது கேசட்டில் கேட்டவர்களுக்குப் பாதிதான் கிடைத்தது. நல்ல பிரதி ஒன்றைத் தரமான காரில் கேட்கும்போது முதல்முறையாக அதன் ஒவ்வொரு அடியும் தனித்தனியே நடப்பது தெரியும். பதிவின் குறையை மட்டுமல்ல, பதிவில் புதைந்திருந்த செல்வத்தையும் இதே கார்தான் தோண்டி எடுக்கிறது.

1989-இல் வீட்டுப் பின்கட்டில் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை ஏ.ஆர். ரஹ்மான் அமைத்ததும், 1992-இல் 'ரோஜா' வந்ததும், எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளரின் காது அவரோடு சேர்ந்ததும் தமிழ்ப் பாட்டின் ஒலியை வேறு தளத்துக்குக் கொண்டுபோயின. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுத்தமான சிந்தசைசர் பாஸ், மேலே காற்றோட்டம், நடுவே வெற்றிடம் விட்டு வைக்கும் துணிவு. கார் ஆடியோ விரும்பிகள் இன்றும் அந்தக் காலத்து சிடிக்களைத் தேடுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தேடலின் காரணம் பழைய நினைவு மட்டும் அல்ல, சத்தத்தின் அளவும்தான்.

இங்கேதான் சாலை குறுக்கே வருகிறது. நின்றிருக்கும் காருக்குள் 40 டெசிபல் அளவே இரைச்சல். சயான் - பன்வெல் நெடுஞ்சாலையில் ஏறி, 1.8 கிலோமீட்டர் நீளமுள்ள வாஷி பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது 65 முதல் 70 டெசிபல் ஆகிவிடும். பாலத்தின் இணைப்புகளில் டயர் விழும் அடி தனி. கான்கிரீட் தளம் தாரைவிடக் கூடுதலாக இரையும். ஜூலை மாத மழை கூரையில் கொட்டினால் கேட்கவே வேண்டாம். வெகுநேரம் தாங்கிக் கேட்கக்கூடிய உச்ச ஒலி 95 டெசிபல் என்று வைத்தால், மிச்சம் இருப்பது 25, 30 டெசிபல் இடைவெளிதான். சிடியின் 16 பிட் பதிவு 96 டெசிபல் இடைவெளியைத் தாங்கும். அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஓடும் காரில் பயன்படாது. மந்திர ஸ்தாயியில் மெல்ல ஊர்ந்து போகும் ஆலாபனை பாலத்தின் நடுவே காணாமல் போய், செம்பூர் சிக்னலில் நிற்கும்போது திரும்பி வரும்.

டயர் இரைச்சலின் பெரும்பகுதி கீழ்சுருதிகளில் இருக்கிறது. கீழ்சுருதி இரைச்சல் தனக்கு மேலே உள்ள ஒலிகளையும் மறைக்கும் என்பது காதின் இயல்பு. அதனால் ஓடும்போது முதலில் தொலைவது பாஸ். அதை ஏற்றி வைத்துக்கொண்டு ஓட்டினால், வீட்டு வாசலில் நிறுத்தியதும் சன்னல் அதிர்கிறது. கடையில் நின்றபடி செய்த ட்யூனிங் சாலையில் பொருந்தாமல் போவதும் இதனால்தான். சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து இரண்டாவது அமைப்பு ஒன்றைச் சேமித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பல டிஎஸ்பிகளில் அந்த வசதி இருக்கிறது.

இந்த இரைச்சலை வெல்லத்தான் கம்ப்ரஷன் என்ற உத்தி. மெல்லிய பகுதியை ஏற்றி, உச்சத்தை அமுக்கி, எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது. அளவோடு செய்தால் ஓடும் காருக்கு அது உண்மையான உதவி. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொல்லை என்னவென்றால், தொண்ணூறுகளின் நடுவிலிருந்து இது போட்டியாகிவிட்டது. அடுத்தவர் பாட்டைவிட நம் பாட்டு ரேடியோவில் உரக்கக் கேட்க வேண்டும் என்ற ஆசையில் உலகம் முழுக்க மாஸ்டரிங் என்ற கடைசிக் கட்டத்தில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். 2008-இல் மெட்டாலிகா ராக் குழுவின் 'டெத் மேக்னடிக்' வெளிவந்தபோது, அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் இவ்வளவு அமுக்கப்படாமல் இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்துக் கொதித்தார்கள். தமிழ்த் திரைப்பாட்டும் 2000-க்குப் பின் அதே வழியில் போயிற்று. அலையின் உச்சிகள் வெட்டப்பட்டுத் தட்டையாகும்போது, மூலத்தில் இல்லாத கூர்மையான மேற்சுருதிகள் பிறக்கின்றன. மலிவான ஸ்பீக்கரில் அது 'பவர்' என்று தோன்றும். நல்ல ட்வீட்டரில் அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும்.

ஆம்ப்ளிஃபயரின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். உயிரோட்டமான பதிவில் சராசரிக்கும் உச்சத்துக்கும் 20 டெசிபல் இடைவெளி இருக்கும். உச்சத்தில் 100 வாட் தேவைப்பட்டால் சராசரியில் ஒரே ஒரு வாட்தான் ஓடுகிறது. 8 டெசிபல் இடைவெளிக்கு அமுக்கிய பாட்டில் அதே உச்சத்துக்குச் சராசரி 16 வாட். ஸ்பீக்கர் சுருள் இடைவிடாமல் சூடேறும், மிருதங்கத்தின் முதல் அடிக்கு மட்டும் ஓர் எழுச்சி கிடைக்காது. 1,000 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கியும் 'பஞ்ச்' இல்லை என்று குறைப்படுபவர்கள் பாட்டை மாற்றிப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரீமிங் செயலிகள் இப்போது எல்லாப் பாட்டையும் ஒரே சராசரிச் சத்தத்துக்குச் சமப்படுத்துகின்றன. அளவுக்கு மீறி ஏற்றப்பட்ட பாட்டு தானாக இறக்கப்படுகிறது. போட்டியின் பயன் போய்விட்டது, வெட்டுக்காயம் மட்டும் தங்கிவிட்டது.

மிருதங்கம் என்றதும் எம்பி3-க்கு வர வேண்டும். சி.வி. ராமன் 1920-இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு கட்டுரையில் நம் தோல்வாத்தியங்களின் தனிச்சிறப்பைக் காட்டினார்: சாதாரணத் தோலின் மேற்சுருதிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. நடுவில் பூசிய கருஞ்சாந்து அவற்றை இழுத்து, ஒரு தந்தியின் மேற்சுருதிகளைப்போல ஒழுங்கான விகிதத்தில் நிறுத்துகிறது. அதனால்தான் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்க முடிகிறது. அடி விழும் கணத்தில் இந்தச் சுருதிகள் அத்தனையும் ஒன்றாகப் பீறிட்டுக் கிளம்புகின்றன.

சிடியில் நொடிக்கு 14 லட்சத்துச் சொச்சம் பிட். 128 கிலோபிட் எம்பி3 அதில் பதினொன்றில் ஒரு பங்கு. காதுக்கு மறைந்துபோகும் பகுதிகளைக் கணக்கிட்டு நீக்கித்தான் இவ்வளவு சுருக்குகிறார்கள், உண்மையிலேயே அற்புதமான பொறியியல். அது ஒலியைச் சுமார் 13 மில்லிநொடி நீளமுள்ள துண்டுகளாக எடுத்து வேலை செய்கிறது. நீக்கியதால் உண்டாகும் பிழை துண்டு முழுக்கப் பரவும். தொடர்ந்து ஒலிக்கும் தம்புராவில் அது தெரியாது. கடத்திலோ கஞ்சிராவிலோ துண்டின் கடைசியில் ஓர் அடி விழுந்தால், அடிக்கு முன்பிருந்த நிசப்தத்திலும் பிழை கசிந்து, அடி விழுமுன்பே ஒரு மெல்லிய 'ஷ்ஷ்' கேட்கும். துண்டைச் சிறிதாக்கிச் சமாளிக்கும் வழியும் அதில் உண்டு, ஆனால் பிட் போதாத இடத்தில் அது முழுதும் உதவாது. தனியாவர்த்தனம் காரில் நீர்த்துப்போவதற்குக் காரணம் இது. 128-இல் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுகிறார்களே என்று பலர் வருந்துவார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு அந்தச் சுருதி எப்படியும் கேட்காது. இழப்பு அடியின் கூர்மையில் இருக்கிறது. அப்படி இழந்த கோப்பை 320 ஆக மாற்றிச் சேமித்தாலும் போனது திரும்பாது, கோப்பு மட்டும் பெருக்கும். ப்ளூடூத் அதை இன்னொரு முறை சுருக்குகிறது. யூஎஸ்பி கேபிள் வசதி இருக்கும்போது அதைப் பயன்படுத்துவதே நல்லது.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று விற்கும் கோப்புகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? ஓடும் காருக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. மேலே போட்ட கணக்கில் 16 பிட்டே மிகை. சில நேரம் அந்தப் பதிப்பு நன்றாக ஒலிப்பது உண்மை; அதற்காக வேறொருவர் பொறுமையாக மாஸ்டரிங் செய்திருப்பார், பெருமை அவருக்குச் சேர வேண்டும். அதுபோலவே 'ரீமாஸ்டர்' என்ற சொல்லும் உறுதிமொழி ஆகாது. இரைச்சலை நீக்கும் ஆர்வத்தில் வீணையின் கமகம் தேய்ந்து மறையும் வாலையும், பாடகர் மூச்செடுக்கும் ஓசையையும் சேர்த்துத் துடைத்த பதிப்புகள் உண்டு. கொஞ்சம் இரைச்சலோடு முழுப் பாட்டும் இருக்கும் பிரதியை நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன்.

இப்போது கார் நிறுவனங்களே பெரிய ஒலியமைப்போடு வண்டியை விற்கின்றன. மஹிந்திரா 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகப்படுத்திய மின்சார எஸ்யூவிகளில் ஹர்மான் கார்டனின் 16 ஸ்பீக்கர், டால்பி அட்மாஸ். வண்டியின் எச்சரிக்கை, வரவேற்பு ஒலிகளை அமைத்தவர் ஏ.ஆர். ரஹ்மான். இன்ஜின் சத்தம் இல்லாத மின்சாரக் காரில் மெதுவாகப் போகும்போது மெல்லிய பகுதிகள் தப்பிப் பிழைக்கும். வேகம் கூடினால் டயர் தன் வேலையைச் செய்யும். அட்மாஸில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே இடம்வைத்துக் கலக்க வேண்டும். அதற்கு வாத்தியம் வாத்தியமாகப் பிரித்துப் பதிந்த மூலத் தடங்கள் தேவை. தொண்ணூறுகளுக்குப் பிந்தைய பாட்டுகள் பலவற்றுக்கு அவை இருக்கக்கூடும். ஒரே ஓட்டத்தில் மோனோவாகப் பதிந்தவற்றுக்குக் கிடையவே கிடையாது. அவற்றைக் கணினியால் பிரிக்கும் முறை வந்திருக்கிறது. 2023-இல் பீட்டில்ஸின் 'நௌ அண்ட் தென்' பாட்டுக்கு, ஜான் லெனனின் பழைய வீட்டு கேசட்டிலிருந்து குரலையும் பியானோவையும் அப்படித்தான் பிரித்தெடுத்தார்கள். நம் பழம்பாட்டுகளுக்கும் அதைச் செய்யலாம். அதற்கு முன் செய்ய வேண்டியது, மூல நாடாக்கள் பூஞ்சை பிடித்து உதிருமுன் அவற்றை நல்ல இயந்திரத்தில் ஓட்டி, எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் முதலில் அப்படியே கணினியில் ஏற்றி வைப்பது. கடற்கரை நகரங்களின் ஈரத்தில் நாடா வெகுகாலம் காத்திருக்காது.